திசை சொல்லக் கூலி

சிங்கப்பூரில் கோப்பிக்கடை ஓரமாக ஒரு மேசை போட்டு வடை விற்பதென்றாலும் உரிமம் வேண்டும். வீட்டுத் தரகர்களுக்கு 2010இல் தனி மன்றமே வந்துவிட்டது. பதிவு எண் இல்லாதவர் யாருக்கும் வீடு காட்ட முடியாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் ஒரு சுவரைத் தட்ட வேண்டுமென்றால் கழகத்தில் பதிந்த குத்தகைக்காரர்தான் வர வேண்டும். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் பெட்டியைத் திறந்து மூடுகிற வேலைக்குப் பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, அதைத் தவறாமல் புதுப்பித்து, ஒருவழியாக ஓய்வும் பெற்றேன். அதே வீட்டுக்குள் வந்து, “இந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்தால் கடன் ஏறும்” என்று சொல்வதற்கு மட்டும் யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஃபெங் ஷுய் மாஸ்டர் என்று அட்டை அடித்துக்கொண்டால், மை காய்வதற்குள் அவர் மாஸ்டர்.

நான் பொறாமையில் பேசுவதாக மனைவி சொல்கிறாள். கொஞ்சம் உண்டு.

இந்த விவகாரம் என் தலையில் விழுந்தது 2023இல். மகளுக்கும் சீன மாப்பிள்ளைக்கும் பிடாடரியில் பிடிஓ வீடு, அதாவது பதிவு செய்தவர்களுக்குக் கழகம் புதிதாகக் கட்டித்தரும் வீடு. பல வருஷம் காத்திருந்து சாவி கைக்கு வந்தது. சம்பந்திக்கு ஒரே பிடிவாதம்: மாஸ்டர் பார்க்காமல் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. ஆனால் கண்டவனைக் கூப்பிட்டு ஏமாறவும் கூடாது, தகுதியுள்ளவராக வேண்டும். “நீ டெக்னிக்கல் ஆள், பிரதர். சர்டிபிகேட்டெல்லாம் நீதான் பார்க்கணும்” என்று பொறுப்பை என்னிடம் தள்ளிவிட்டார். சீனக் கலைக்குத் தகுதி பார்க்கத் தமிழ் எலக்ட்ரீஷியன். இந்த ஊரில் இதெல்லாம் நடக்கும்.

இப்படி ஒருவரைத் ‘தேர்ந்தெடுக்கிற’ வேலையே நான் வளர்ந்த காலத்தில் இல்லை. எழுபதுகளில் தோ பாயோவில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு ஹொக்கியன் குடும்பம். அந்த வீட்டு ஆ சோவும் என் அம்மாவும் பேசிக்கொண்டது அரைகுறை மலாயில். அதில் பாதி ‘தா போலே’, மீதி கையசைப்பு. எதிர் புளோக்கின் கூரிய மூலை எங்கள் காரிடாரைப் பார்த்துக் குத்துகிறது என்று ஆ சோ ஒரு நாள் வாசலுக்கு மேலே எண்கோணச் சட்டத்தில் ஒரு பாட் குவா கண்ணாடியை மாட்டினாள். வந்த கெடுதல் வந்த வழியே திரும்பிப் போய்விடுமாம். போய்ச் சேர்ந்த இடம் எதிர் புளோக்கு. அங்கே ஐந்தாம் மாடியில் இருந்த அம்மாள் சும்மா இருப்பாளா? அடுத்த வாரம் அங்கிருந்தும் ஒரு கண்ணாடி எங்களைப் பார்த்தது. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் எங்கள் வீட்டுக்குத்தான் சேதாரம் என்று அம்மா முடிவு செய்து, தேக்காவிலிருந்து எலுமிச்சையும் பச்சை மிளகாயும் வாங்கிக் கோத்துத் தொங்கவிட்டாள். அப்பா மட்டும் எதையும் மாட்டவில்லை. கழகம் கொடுத்த வாசல்தான் வாசல், அதற்கு மேல் சாஸ்திரம் கிடையாது என்பது அவர் கட்சி. அன்றைக்குச் சிங்கப்பூர்த் தமிழர் வீடுகளில் வாஸ்து என்ற பேச்சையே நான் கேட்டதில்லை. சாவி வாங்கினோமா, கிழக்கு எந்தப் பக்கம் என்று மேல்வீட்டு மலாய்க்காரரிடம் கேட்டோமா, பாலைக் காய்ச்சினோமா, அவ்வளவுதான்.

ஆ சோவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். வேலை போயிற்று, இரண்டு பையன்களுக்கும் மாற்றி மாற்றிக் காய்ச்சல். அப்போதுதான் ஆ பெக் வந்தார். கீழே சின்சே மருந்துக்கடையில் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பவர். கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதும் அவர்தான், கல்லறைக்கு இடம் பார்ப்பதும் அவர்தான். கையில் சிவப்புத் துணி சுற்றிய லோபான் என்ற திசைகாட்டி. துணியைப் பிரித்தால் நடுவில் சின்ன ஊசி, அதைச் சுற்றி வளையம் வளையமாகப் பொடி எழுத்து. வட்டத்தை இருபத்துநான்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 15 பாகை. ஒவ்வொன்றும் ஒரு ‘மலை’யாம். வீட்டுக்குள் நின்று ஊசியைப் பார்த்தார், முகம் சுளித்தார். காரிடாருக்கு வந்து பார்த்தார். பிறகு மெல்லப் படியிறங்கி, புளோக்கை விட்டு விலகிப் புல்வெளியில் போய் நின்று, இடம் மாற்றி மாற்றிப் பார்த்தார். கிழவருக்குக் கண் தெரியவில்லை என்று நாங்கள் சிறுவர்கள் சிரித்தோம். காங்கிரீட்டுக்குள் ஓடுகிற இரும்புக் கம்பி ஊசியை இழுக்கும் என்பது, நான் தொழிலுக்கு வந்து சுவரைத் துளைக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

அவர் சொன்ன பரிகாரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கட்டிலை ஜன்னலடியிலிருந்து நகர்த்து. வாசலில் செருப்பைக் குவிக்காதே. புருஷனைக் குதிரைப் பந்தயத்துக்கு விடாதே. மூன்றாவது எந்த வளையத்தில் எழுதியிருந்தது என்று அப்பா கேட்டார். ஆ பெக்குக்குக் காது கேட்கவில்லை. ஆ சோ ஓர் அங் பாவ் உறையை நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கி, பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அதில் இரண்டு வெள்ளி இருந்ததா, இருபது இருந்ததா என்பது அவருக்கே வீட்டுக்குப் போய்த்தான் தெரிந்திருக்கும்.

அப்பாவுக்கு அவர் மேல் ஒரு சந்தேகம் இருந்தது. “ஊருக்கெல்லாம் பணம் வரும் திசை சொல்கிறவர் ஏன் ஓர் அறை வாடகை வீட்டில் இருக்கிறார்?” அம்மா இதை மலாயில் பெயர்த்து ஆ சோவிடம் கேட்டாள். ஆ சோ கோபப்படவில்லை. அதனால்தான் அவரைக் கூப்பிட்டேன் என்றாள். இந்த வித்தையை வைத்து ஒருவன் பணக்காரனானால் அவன் திருடன். அவளுக்கு அதுதான் சான்றிதழ்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அதே ஆ பெக் மூன்றாம் மாடிக் குடும்பத்திடம் கழிப்பறைக் கதவு திறந்திருந்தால் செல்வம் வடியும் என்று சொல்லிவிட்டுப் போக, அவர்கள் வருஷக்கணக்கில் அந்தக் கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து வாழ்ந்தார்கள். உள்ளே போனவர் வெளியே வர யாராவது செங்கலை நகர்த்த வேண்டும். செல்வமும் வரவில்லை. கேட்டால், மனம் சுத்தமில்லை என்பார். எந்தக் காலத்திலும் இந்தத் தொழிலில் தோற்றவர் வாடிக்கையாளர்தான், வித்தை தோற்றதில்லை.

இனி 2023.

முதல் மாஸ்டரின் அலுவலகம் நகர நடுவே, குளிரூட்டிய மாடி. வரவேற்பு மேசைக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சான்றிதழ். சம்பந்தி என்னை முழங்கையால் இடித்தார்: பார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சான்றிதழைக் கண்டால் நான் முதலில் பார்ப்பது பெயரை அல்ல, கையெழுத்தை, தொழில் பழக்கம். நடுவில் தொங்கிய பெரியதை வழங்கியது ஒரு பயிலகம். அந்தப் பயிலகத்தின் நிறுவனர் கையெழுத்து அதன் அடியில். எதிரே புன்னகையோடு அட்டை நீட்டிய மாஸ்டரின் பெயரும் அதேதான். ஓரத்திலிருந்த சில, வார இறுதி வகுப்புக்குப் போய் வந்ததற்கு. ‘நான்காம் நிலை’ என்று ஒன்று இருந்தது. முதல் மூன்று நிலைகளைக் காணோம்.

“உங்களுக்குப் பரீட்சை வைத்தது யார்?” என்று கேட்டேன்.

“மார்க்கெட், அங்கிள்” என்றார். கொஞ்சமும் தயங்கவில்லை.

பிறகு கலையின் பெருமையை எடுத்துச் சொன்னார். ஸ்காட்ஸ் ரோட்டு ஹயாட் ஹோட்டலின் கதவுகள் சாலைக்குக் கோணலாக நிற்பது ஏன்? சன்டெக் சிட்டியின் ஐந்து கோபுரங்களும் விரல்கள், நடுவிலிருக்கும் செல்வ நீரூற்று உள்ளங்கையில் பிடித்த பணம், தெரியுமா? ஹாங்காங் டிஸ்னிலேண்டு 2005இல் திறந்தபோது நுழைவாயிலையே 12 பாகை திருப்பினார்களே! நம்ம சிங்கப்பூர் ஃப்ளையர், 165 மீட்டர் சக்கரம், 2008இல் திறந்த சில மாதத்திலேயே சுற்றும் திசையை மாற்றினார்களே, அது எதற்கு? நகரத்தின் அதிர்ஷ்டத்தை வெளியே வாரி இறைத்துக்கொண்டிருந்தது!

எல்லாம் உண்மையில் நடந்தவைதான். செய்தித்தாளில் நானும் படித்தேன். எதையும் இவர் செய்யவில்லை என்பது மட்டும்தான் சின்னக் குறை. அந்தச் சக்கரம் பற்றி எனக்கு அப்போதே ஒரு மனத்தாங்கல் உண்டு. மூன்று பேஸ் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டுமென்றால் இரண்டு வயரை இடம் மாற்றிப் பூட்டினால் தீர்ந்தது. அவ்வளவு பெரிய சக்கரத்துக்கு விஷயம் அத்தனை எளிதாக இருந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நானும் வாழ்நாள் முழுக்க மோட்டாரைத் திருப்பியிருக்கிறேன். ஒருவரும் என் பேரைப் பேப்பரில் போட்டதில்லை.

கட்டணம் சதுர அடிக் கணக்கு. ஜிஎஸ்டி தனி, அப்போது எட்டு விழுக்காடு, புத்தாண்டில் ஒன்பதாகப் போகிறது, ஆகவே சீக்கிரம் முன்பணம் கட்டுவது நல்லது என்றார். வரி ஏறும் தேதியை இத்தனை துல்லியமாகக் கணித்தவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிடாடரி என்றதும் முகம் மாறியது. அங்கே மயானம் இருந்தது, சுத்திகரிப்புக்குத் தனித் தொகை.

மயானம் இருந்தது எனக்கும் தெரியும். என் பெரியப்பா அங்கேதான் இருந்தார். பிடாடரியில் கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து எல்லோருக்கும் பகுதி பகுதியாக இடம் இருந்தது. 1972இல் மூடினார்கள், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டியெடுத்து அகற்றினார்கள், 2015இல் வீடு விற்கத் தொடங்கினார்கள். இந்தத் தீவில் மயானத்தைத் தவிர்த்து வீடு தேடுவதென்றால் படகில்தான் குடியிருக்க வேண்டும். பீஷானில் வீடு வேண்டுமென்று சீனர்கள் போட்டி போட்டுப் பணத்தைக் கொட்டுகிறார்களே, அது பெக் சான் தெங் இடுகாடாக இருந்த இடம். சம்பந்தியின் தாத்தாவே அங்கே இருந்தவர்தான். அதை நினைவூட்டினேன். “அது கன்டோனீஸ் மயானம், வேற” என்றார்.

மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். மெர்சிடிஸில் வந்தார். சம்பந்தி அதைக் கண்ணால் எனக்குச் சுட்டிக்காட்டினார்: தன்னைப் பணக்காரனாக்கிக்கொள்ளத் தெரியாதவன் நம்மை எப்படி ஆக்குவான்? எனக்கு ஆ சோ ஞாபகம் வந்தாள். ஏழையாக இருந்தால் அன்றைக்கு யோக்கியன். கார் வைத்திருந்தால் இன்றைக்குக் கெட்டிக்காரன். இரண்டு பேருமே லோபானைப் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். லோபான் அழகானது, விலை கூடியது. திசையை அளந்தது கைத்தொலைபேசி. அதையும் வரவேற்பறைச் சுவரில் ஒட்டி வைத்து அளந்தார். சுவருக்குள் கம்பி, இந்தப் பக்கம் என்னுடைய சுவிட்ச் பெட்டி. ஓர் அடி நகர்த்தினால் ஊசி வேறு ராசிக்குப் போய்விடும். சொல்லிப் பார்த்தேன். “இது ப்ரோ வெர்ஷன், அங்கிள்” என்றார்.

வடமேற்கு குடும்பத் தலைவனின் மூலை. அங்கே பாம் ஷெல்டர் உட்கார்ந்திருக்கிறது, சுவரை எடுத்துவிடுங்கள் என்பது முதல் தீர்ப்பு. போர்க்காலத்துக்காக அரசாங்கம் சட்டப்படி கட்டிவைத்த காங்கிரீட்டுப் பெட்டி அது; அதன் சுவரை இடிக்கவே கூடாது என்று விளக்கினேன். அப்படியானால் பரிகாரம், வடமேற்குக்கு உலோகம். அவரிடமே வெண்கலத்தில் பிசியூ என்ற சிங்கம் போன்ற விலங்கு ஜோடியாகக் கிடைக்கும். நான் ஷெல்டரின் கதவைத் தட்டிக் காட்டினேன். ஓர் ஆள் முக்கித் திறக்கிற எஃகுக் கதவு, இதைவிடவா உலோகம் வேண்டும்?

“அது வேறு உலோகம்” என்றார்.

இதற்குள் என் மனைவி சும்மா இருக்கவில்லை. அவர்கள் பக்கம் பார்த்தால் நம் பக்கமும் பார்க்க வேண்டாமா? தமிழ்நாட்டிலிருந்து காணொளியில் ஒரு வாஸ்து நிபுணர் வந்தார். பெயருக்கு முன்னால் டாக்டர், பெயருக்குப் பின்னால் நாலைந்து பட்டம். வரைபடத்தை அனுப்பியதும் அவர் முதலில் சொன்னது: தெற்கு வாசல். எமன் திசை, ஆகாது. அதே வாரம் சம்பந்தியின் மாஸ்டர் சொன்னது: தெற்கு வாசல், பிரமாதம்! இருபது வருஷத்துக்கு ஒரு காலகட்டம், அப்படி ஒன்பது சேர்ந்தது 180 வருஷச் சுற்று. 2024 பிப்ரவரி நான்காம் தேதி ஒன்பதாம் காலகட்டம் பிறக்கிறது, ஒன்பதுக்கு உரிய திசையே தெற்கு, லாட்டரி அடித்துவிட்டீர்கள். ஒரே கதவு, ஒருவருக்கு எமன் வருகிறான், இன்னொருவருக்கு லட்சுமி வருகிறாள். கழகத்துக்காரன் இரண்டு பேரையும் நினைத்துக் கட்டவில்லை. மேற்கு வெயில் வீட்டுக்குள் அடிக்கக் கூடாதென்று வடக்கு தெற்காக வைத்துக் கட்டியிருக்கிறான், அவ்வளவுதான்.

வட சீனத்தில் குளிர்காற்று வடக்கிலிருந்து வரும். வெயில் காய வீட்டைத் தெற்கு பார்த்துக் கட்டினால் புத்திசாலித்தனம். நாம் இருப்பதோ பூமத்திய ரேகைக்கு ஒன்றரைப் பாகைக்குள். இங்கே சூரியன் அரை வருஷம் வடக்கே நின்று போகிறது, அரை வருஷம் தெற்கே. குளிர்காற்று வேண்டுமென்றால் ஏர்கான் பொத்தானை அழுத்த வேண்டும். இதை இரண்டு நிபுணர்களிடமும் கேட்டேன். சீனர் புன்னகைத்தார். நம்மவருக்கு இணைப்பு துண்டித்துப்போயிற்று.

கட்டில் விவகாரம் தனி. குவா எண் என்று ஒன்று உண்டு, பிறந்த வருஷத்திலிருந்து கணக்கிடுவது. ஆணாக இருந்தால் வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கத்தைக் கூட்டி ஒற்றை எண்ணாக்கிப் பத்திலிருந்து கழிக்க வேண்டும். பெண்ணாக இருந்தால் கழிக்காமல், அந்த ஒற்றை எண்ணோடு ஐந்தைக் கூட்ட வேண்டும். மாப்பிள்ளை 1991: ஒன்பது. மகள் 1993: எட்டு. ஒன்பது கிழக்குக் கூட்டம், எட்டு மேற்குக் கூட்டம். அவனுக்கு நல்ல திசைகள் அத்தனையும் அவளுக்குக் கெட்டவை. அவளுக்கு நல்லவை அவனுக்கு ஆகாது. கல்யாணத்துக்கு முன்னாலேயே இதைக் கண்டுபிடித்திருக்கலாம், ஆனால் கட்டில் வாங்கும்போதுதான் தெரிந்தது. புருஷன் கணக்குத்தான் செல்லும் என்றார் ஒருவர். சம்பாதிப்பவர் கணக்கு என்றார் இன்னொருவர். இந்த இன்னொருவரை நாங்கள் இரண்டாவதாகக் கூப்பிட்டது, சீனப் புத்தாண்டுக்கு முன்னால் ஹோட்டல் மண்டபத்தில் டிக்கெட் போட்டு ராசிபலன் சொல்லும் ஒரு பிரபலத்தின் அலுவலகத்திலிருந்து. பிரபலமே நேரில் வந்தால் ஒரு விலை, சீடர் வந்தால் ஒரு விலை, எங்களுக்குச் சீடரின் சீடர் கிடைத்தார். மகள்தான் மாப்பிள்ளையைவிட அதிகம் சம்பாதிக்கிறாள் என்று தெரிந்ததும் சம்பந்தி அவரை நிராகரித்துவிட்டார்.

ஒரு மாலை கோப்பிக்கடையில் உட்கார்ந்து சம்பந்திக்கு ஹாங்காங் கதையைச் சொன்னேன். நீனா வாங் என்ற மகா கோடீஸ்வரி 2007இல் இறந்தார். சொத்தெல்லாம் தனக்கே என்று ஓர் உயிலை நீட்டினார் அவருடைய ஃபெங் ஷுய் ஆலோசகர் டோனி சான். ஊரெல்லாம் குழி தோண்டி அதிர்ஷ்டத்தைப் புதைத்தவர். அதற்கே கோடிகள் வாங்கியவர். 2010இல் நீதிமன்றம் உயில் போலி என்றது. 2013இல் 12 ஆண்டு சிறை. இடையில் அவர் கிறிஸ்தவராகி, பெயரைப் பீட்டர் என்று மாற்றிக்கொண்டார்.

சம்பந்தி கோப்பி ஓ-வைக் கலக்கிக்கொண்டே யோசித்தார். “அவன் போலி, பிரதர். நிஜ மாஸ்டராக இருந்தால் மாட்டிக்கொண்டிருக்கவே மாட்டான்.”

இந்த வாதத்தை உடைக்க எந்தச் சுத்தியலும் கிடையாது. நிஜ மாஸ்டர் யார்? மாட்டாதவர். மாட்டினால்? அவர் நிஜமில்லை. எங்கள் தொழிலில் இந்த வசதி இல்லை. ஃபியூஸ் போனால் போனதுதான்.

மூன்றாவதாக ஒரு பெண்மணி வந்தார். மகளின் தோழி சொல்லி வந்தவர், முன்பு கட்டுமான நிறுவனத்தில் வரைபடம் போட்டவர். எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணங்கள் உண்டு. வருமுன்பே கட்டணத்தை எழுத்தில் அனுப்பினார். வீட்டுக்கு ஒரு தொகை, அடிக்கணக்கு இல்லை. எதையும் விற்பதில்லை என்று அதிலேயே இருந்தது. லோபானோடு கார் நிறுத்துமிடத்தைக் கடந்து, பூங்கா வரைக்கும் நடந்து போய் அளந்தார். இடம் மாற்றி மாற்றி அளந்தார். என்ன முறையில் கணக்கிடுகிறார் என்று கேட்டேன். பறக்கும் நட்சத்திர முறை என்றார். மாடி வீட்டுக்கு ‘முகம்’ எது, வாசல் கதவா, ஜன்னல் பக்கமா, புளோக்கின் நுழைவாயிலா என்பதில் இந்தத் தொழில்காரர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது, நான் ஜன்னல் பக்கத்தைக் கொள்கிறேன், வேறு ஆள் வேறு சொல்வார் என்று தானாகவே சொன்னார். என் அனுபவத்தில், தன் தொழிலில் எது தகராறு என்று சொல்கிறவருக்கு மட்டும்தான் தொழில் தெரியும்.

மயானத்தைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். இந்தக் கலையே இடுகாட்டில் பிறந்ததுதான், குவோ பூ எழுதியதாகச் சொல்லப்படும் மூலநூலே அடக்கம் செய்வது பற்றியது என்றார். மழைநீர் தேங்காத மேட்டைத்தான் அந்தக் காலத்தவர் செத்தவர்களுக்குக் கொடுத்தார்கள். இப்போது உயிரோடு இருப்பவர்களுக்கு அது கிடைத்திருக்கிறது, கசக்கிறதா? பாம் ஷெல்டரில் அரிசி மூட்டையை வையுங்கள். கட்டிலுக்கு அவர் கேட்ட கேள்வி, யாருக்குத் தூக்கம் குறைவு? மகள் கையைத் தூக்கினாள். அப்படியானால் அவள் திசை. வீடு ஒன்பதாம் காலகட்டத்து வீடாக வேண்டுமென்றால் பிப்ரவரி நான்குக்குப் பிறகு குடிபோகலாம், அவசரமென்றால் முன்பே போனாலும் குடி முழுகிவிடாது.

இத்தனைக்கும் பிறகு சம்பந்தி உதட்டைப் பிதுக்கினார்.

“என்ன குறை?”

“எம்ஆர்டி ரயிலில் வந்தாள், பிரதர்.”

ஆகவே வெண்கல விலங்குகள் வந்தன. மெர்சிடிஸ் மாஸ்டரே அதிகாரபூர்வ மாஸ்டர் ஆனார். ரசீது, வரி, உறை போட்ட அறிக்கை எல்லாம் முறையாக வந்தது. கட்டிலை மட்டும் மகள் அந்தப் பெண்மணி சொன்னபடி போட்டுக்கொண்டாள். அதைச் சம்பந்திக்கு யாரும் சொல்லவில்லை. குடிபோகும் நாள் தள்ளிப்போனதால் மாப்பிள்ளை மாதக்கணக்கில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். நல்ல பையன். ஆனால் ஒன்பதாம் காலகட்டம் பிறக்கும்வரை தொலைக்காட்சி என் கைக்கு வரவில்லை.

நேரம் குறிப்பதில் கடைசிச் சண்டை. நாக வருஷம், ஆகவே நாக நேரம், காலை ஏழிலிருந்து ஒன்பது என்று மாஸ்டர் எழுதிக்கொடுத்தார், நாள் திங்கட்கிழமை. மனைவி நாள்காட்டியைத் திருப்பினாள். திங்கள் ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம். இரண்டு மணி நேரத்தில் மிஞ்சியது அரை மணி. ராகு காலம் சூரிய உதயத்திலிருந்து கணக்கிடுவது, சிங்கப்பூரில் சூரியன் ஏழு மணி வாக்கில்தான் எழுந்திருக்கிறது, அச்சடித்த அட்டவணை இங்கே செல்லாது என்று நான் எடுத்துச் சொன்னேன். பால் காய்ச்சுகிற காரியத்தில் வானியல் பேசாதீர்கள் என்றாள்.

அப்படித்தான் வேலைநாள் காலை ஏழு மணிக்கு, அரை இருட்டில், சம்பந்தி வாசலிலிருந்து உள்ளே அன்னாசிப் பழத்தை உருட்டி “ஹுவாட் ஆ!” என்று கத்த, அது நேராகப் போய் எங்கள் பால் அடுப்பின் காலில் முட்டி நின்றது. பால் பொங்கியது. எந்தச் சாஸ்திரப்படி பொங்கியது என்று இரு தரப்பும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. கீழ்வீட்டுக்காரர் கழகத்துக்குப் புகார் எழுதினார்.

ஒரு வாரம் கழித்து மாஸ்டர் தொலைபேசியில் அழைத்தார். சேவை திருப்தியா, கூகுளில் ஐந்து நட்சத்திரம் போட முடியுமா என்று கேட்டார். அவர் கொடுத்த அறிக்கை என் மடியில்தான் இருந்தது. அதில் அவரே சிவப்பு மையில் அடிக்கோடிட்ட பக்கம்: ஐந்தாவது நட்சத்திரம், ஐந்தாம் மஞ்சள், ஒன்பதிலும் மகா கெட்டது, நோயும் நஷ்டமும் தருவது, அதைத் தொந்தரவு செய்யவே கூடாது. படித்துக் காட்டினேன். நான்கு போடலாமென்றால் அது உங்கள் மொழியில் சாவு. எட்டு போட்டால் உங்களுக்கு நல்லது, ஆனால் அங்கே எட்டுக்கு இடமில்லை, என்ன செய்வது என்று கேட்டேன்.

“அங்கிள், அது வானத்து நட்சத்திரம். இது கூகுள் நட்சத்திரம்” என்றார். “வேறு உலோகம்.”

ஐந்து போட்டுவிட்டேன்.